கனம் குறைந்த கேமரா

"ஏழு வருஷம் சோறு போட்ட வீட்டுக்கு நீ காட்டுற நன்றி இதுதானா ஹாஜிரா?"

ஹஃப்ஸா பீவி கேட்ட கேள்வி, பாலக்கரைத் தெருவில் பால் ஊற்றிக்கொண்டிருந்தவர் காதுவரை போனது. மாமியாரின் குரல்வளம் அப்படி! ஹாஜிரா டீயை வடிகட்டினாள். பதில் இல்லாமல் இல்லை. சொல்லக்கூடிய பதில் இல்லை, அவ்வளவுதான்.

விஷயம் ஒரு கேமரா. துபாயிலிருந்து லீவில் வந்திருந்த கொழுந்தன் இம்தியாஸ், ஸ்டூடியோ நடத்தும் அண்ணன் ஜமாலுக்கு ஃபுல் ஃப்ரேம் என்ற உயர்ரகக் கேமரா வாங்கித் தருவதாக அறிவித்திருந்தான். அவன் மனதில் இருந்தது நாலரை லட்ச ரூபாய்ச் சமாசாரம். வினாடிக்கு இருபது படம் எடுக்கும், மழையில் நனைந்தாலும் ஒன்றும் ஆகாது, லென்ஸ் மாட்டினால் இரண்டரைக் கிலோ. கனம் இருந்தால்தான் மதிப்பு என்பது அந்தக் குடும்பத்தின் நம்பிக்கை. பித்தளை அண்டாவிலிருந்து மாப்பிள்ளைவரை எல்லாவற்றையும் அப்படித்தான் பார்த்து எடுப்பார்கள்.

ஹாஜிராவோ, ஒரு லட்சத்து எண்பதாயிரத்துக்கு, அதில் பாதிக் கனம்கூட இல்லாத ஒரு சின்னக் கேமராதான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள்.

"அண்ணி, அது வினாடிக்குப் பத்துப் படம்தான் எடுக்கும். மழை கிழை பட்டா போச்சு. திருச்சியிலேயே பெரிய கேமரா எங்க அண்ணன் கையில இருக்கணும்னு நான் ஆசைப்படுறேன். நீங்க ஏன் குறுக்க நிக்கிறீங்க?"

"நமக்கு அது போதும் தம்பி..."

"போதுமாம்ல!" என்று குறுக்கிட்டார் ஹஃப்ஸா பீவி. "மிச்சப் பணத்தை என்ன பண்ணப் போற? உன் தம்பி அப்ரார் கடை வைக்கப் போறானாமே, அதுக்கா? மூணு மாசமா வர்ற ஆர்டரையெல்லாம் 'அவருக்கு நேரமில்லை'ன்னு நீதானே திருப்பி அனுப்புற! என் பிள்ளை பொழப்பையே கெடுத்துட்டு, இன்னும் என்னடி வேணும் உனக்கு?"

வடிகட்டி கை தவறி விழுந்தது. ஹாஜிரா கணவனைப் பார்த்தாள். ஜமால் தலையைக் குனிந்துகொண்டான்.

ஆர்டர்களைத் திருப்பியது உண்மைதான். மூன்று மாதத்துக்கு முன்னால் ஸ்ரீரங்கத்தில் ஓர் அறுபதாம் கல்யாணம். படங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றிப் பார்த்தால், ஃபிளாஷ் போடாமல் எடுத்தவையெல்லாம் கலங்கிக் கிடந்தன. ஜமாலின் வலது கை நடுங்க ஆரம்பித்திருந்தது. "உயிருக்கு ஒண்ணுமில்லைம்மா. ஆனா கனம் தூக்கினா நடுக்கம் கூடும்" என்றார் டாக்டர். கலங்காத படங்களாகப் பொறுக்கி ஆல்பம் போட்டு மானத்தைக் காப்பாற்றியவள், ஸ்டூடியோவில் கூடமாட இருந்து தொழில் பழகியிருந்த ஹாஜிராதான். "வெளியில தெரிஞ்சா இனிமே என்னை யாரு கூப்பிடுவா? அம்மாவுக்குக்கூடத் தெரியக் கூடாது. சத்தியம் பண்ணு" என்று முப்பத்தெட்டு வயது மனிதன் அவள் மடியில் முகம் புதைத்து அழுதான். அவளும் சத்தியம் செய்துவிட்டாள். அந்தச் சத்தியத்துக்குத்தான் இப்போது வட்டியும் முதலுமாகக் கிடைத்துக்கொண்டிருந்தது.

பதினொரு மணிக்குக் குடும்பமே தில்லை நகர் கிளம்பியது. நகைக் கடைக்குப் போவதைப்போல ஹஃப்ஸா பீவி பட்டுப் புடவை கட்டியிருந்தார்.

கேமராக் கடையில் விற்பனைக்கு நின்ற லிசி என்ற பெண், ஹாஜிராவைப் பார்த்ததும் சிரித்தாள். தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே என்று ஹாஜிரா கண்ணால் கெஞ்சினாள். லிசி புரிந்துகொண்டு, இம்தியாஸ் கேட்ட இரண்டு கேமராக்களையும் எடுத்துக் கண்ணாடிமேல் வைத்தாள்.

பெரியதைத் தூக்கிப் பார்த்த ஹஃப்ஸா பீவியின் முகம் மலர்ந்தது. "மாஷா அல்லாஹ்! அம்மிக்கல்லு மாதிரில்ல இருக்கு!"

"அண்ணே, இந்தக் கடை லைட்டைக் குறைக்கச் சொல்றேன். ஃபிளாஷ் இல்லாம ஒரு படம் எடு. இதோட பவரை அண்ணி பாக்கட்டும்" என்றான் இம்தியாஸ்.

ஜமாலின் முகம் வெளுத்தது. ஹாஜிரா பாய்ந்து நடுவில் வந்தாள். "வேணாம் தம்பி... காலையிலேருந்து அவரு சரியாச் சாப்பிடல... பெரிசையே வாங்கிடலாம், நான் ஒண்ணும் சொல்லல..."

"பாத்தீங்களா! தொடக்கூட விட மாட்டேங்குறா!" ஹஃப்ஸா பீவி கடையையே சாட்சிக்கு அழைத்தார். "தள்ளுடி அந்தப் பக்கம்!"

ஜமால் பெரிய கேமராவைத் தூக்கினான். விளக்குகள் மங்கின. அவன் கை நடுங்கியது... மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை நடுங்கியது. கிளிக்! சுவரிலிருந்த டிவியில் படம் வந்தது. அம்மாவுக்கு மூன்று மூக்கு இருந்தது.

"என்னங்க இது, நாலரை லட்சம் சொல்றீங்க, ஓட்டைக் கேமராவா இருக்கு!" என்று இம்தியாஸ் லிசியிடம் எகிறினான்.

"கேமராவுல ஒண்ணும் கோளாறு இல்லடா..." ஜமாலின் குரல் உடைந்தது. "கோளாறு என் கையில. மூணு மாசமா நடுங்குது. கலங்கின படத்தைக் குடுத்து அசிங்கப்படக் கூடாதுன்னு நான்தான் ஆர்டரையெல்லாம் வேணாம்னேன். பழியை அவ ஏத்துக்கிட்டா. நீங்க அவளைத் திட்டும்போதெல்லாம் நான் வாயை மூடிக்கிட்டு இருந்தேம்மா... நான் ஒரு கோழை!"

இதற்குமேல் லிசியால் தாங்க முடியவில்லை.

"நானும் ஒண்ணு சொல்லிடறேங்க. இந்த அக்கா இங்க மூணு தடவை வந்தாங்க. ஒவ்வொரு கேமராவா கேட்டு வாங்கி, கையை வேணும்னே நடுங்க வச்சு எடுத்து எடுத்துப் பாத்தாங்க. ஏதோ புத்தி சரியில்லைன்னு நாங்க சிரிச்சோம். கடைசியில இந்தச் சின்னதைத்தான் எடுத்து வைக்கச் சொன்னாங்க. கை ஆடினா, இதுக்குள்ள படத்தைப் பிடிக்கற சென்சார் அதுக்கு எதிரா நகர்ந்து சரி பண்ணிக்கும். பெரிசுல அந்த வசதி இல்லீங்க."

ஜமால் சின்னக் கேமராவை வாங்கினான். கை அப்போதும் நடுங்கத்தான் செய்தது. மனைவியை நோக்கித் திருப்பி அழுத்தினான்.

டிவியில் ஹாஜிரா வந்தாள். முக்காட்டின் நூல் ஒவ்வொன்றும் தெரிந்தது. கண்ணிமையில் நின்ற கண்ணீர்த் துளி அப்படியே நின்றது. ஒரு நடுக்கம் இல்லை, ஒரு கலங்கல் இல்லை! வேறு ஏதோ வாங்க வந்திருந்த ஒருவர் தன்னை மறந்து கை தட்டினார்.

"யா அல்லாஹ்!" ஹஃப்ஸா பீவி அந்தப் படத்தையே பார்த்தார். பிறகு மருமகளை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டார். "என் பிள்ளைக்காக ஊரு முன்னாடி பைத்தியக்காரின்னு பேர் எடுத்திருக்கியேடி... நான் உன்னைத் திருடி மாதிரி பேசிட்டேனே! ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொல்லிருப்பேன் மாமி, அவருக்குச் சத்தியம் பண்ணிட்டேன்..." ஹாஜிரா முதல்முறையாக வாய்விட்டு அழுதாள். "ஆனா, என் தம்பிக்குக் குடுக்கத்தான்னு நீங்க சொன்னீங்க பாருங்க, அது ரொம்ப வலிச்சிச்சு..."

"தப்புதான். இத்தனை பேர் முன்னாடி சொல்றேன், தப்புதான்!" புடவைத் தலைப்பால் மருமகளின் கண்ணைத் துடைத்தவர், மகனின் நடுங்கும் கையையும் இழுத்துப் பிடித்துக்கொண்டார். அந்தக் கையைவிட அவர் கை அதிகம் நடுங்கியது.

"மன்னிச்சிருங்க அண்ணி" என்று இம்தியாஸ் தலைகுனிந்தான். பிறகு லிசியிடம், "அந்தச் சின்னதையே பில் போடுங்க" என்றான்.

"ரெண்டாப் போடச் சொல்லு!" என்றார் ஹஃப்ஸா பீவி.

"ரெண்டா? யாருக்கு மாமி?"

"உனக்குத்தான்! நம்ம ஆளுங்க கல்யாணத்துல பொம்பளைங்க பக்கம் படம் எடுக்க ஒரு பொம்பளை கிடைக்காம எத்தனை பேரு அல்லாடுறாங்க! உனக்குத் தெரிஞ்ச வேலைதானே! அந்த ஒண்ணு வாங்குற காசுல இது ரெண்டு வரும். எனக்குக் கணக்குத் தெரியாதுன்னு நினைச்சியா?"

லிசி இரண்டாவது பெட்டியைப் பிரித்து ஹாஜிராவின் கையில் கொடுத்தாள். கேமரா அவள் உள்ளங்கையில் அளவெடுத்துச் செய்ததைப்போலப் பொருந்தியது. அவள் அதைக் கண்ணில் வைத்து மாமியாரைப் பார்த்தாள்.

"ஏய், இரு இரு! முக்காட்டைச் சரி பண்ணிக்கிறேன்!"

ஹாஜிரா காத்திருக்கவில்லை. கிளிக்!