வெள்ளைக் காய்

வெள்ளைக் காய் ஏன் சமையலறைக் கட்டத்துக்குப் போனது என்று கவினேஷுக்குப் புரியவில்லை.

"விதியில இப்படி எதுவும் சொல்லலையே" என்றான், பலகைக்கு எதிரே உட்கார்ந்திருந்த அக்காவிடம்.

"அதுக்கு விதி சொல்ல மாட்டாங்க. பார்த்துப் பார்த்து நாமதான் கண்டுபிடிக்கணும்" என்றாள் ரிதன்யா. கொட்டாவியை அடக்கிக்கொண்டாள்.

ஈரோட்டுத் தீர்ப்பாட்ட மன்றத்தில் அன்று அவர்களுக்குப் பயிற்சி நாள். வழக்காடுகிறவர்களே எதிரெதிரே உட்கார்ந்து ஆடித் தீர்த்துக்கொள்ளும் ஏற்பாடு வந்து பல வருடங்கள் ஆகிவிட்டன. முதலில் சதுரங்கம்தான் வைத்தார்கள். வசதியுள்ளவர்கள் பயிற்சியாளர் வைத்துக்கொண்டு ஜெயித்தார்கள். அதனால் ஒவ்வொரு வழக்குக்கும் புதிதாக ஓர் ஆட்டத்தை உண்டாக்க 'நடுவி' என்ற எந்திரம் வந்தது. வழக்கின் பொருள் எதுவோ, அதுவே ஆட்டத்தின் பொருள்.

இவர்களுடைய வழக்கின் பொருள் அப்பா. மில்லில் எலெக்ட்ரீஷியனாக இருந்த சதீஷ்குமாருக்கு இப்போது ஸ்விட்ச் எதற்கென்று தெரியாது. மறதிநோய். நான்கு வருடங்களாக ரிதன்யாதான் பார்த்துக்கொள்கிறாள். தூக்கம் போய், வேலை போய், கடைசியில் தம்பி மேல் வழக்குப் போட்டாள். அப்பாவை இனி அவன் வைத்துக்கொள்ளட்டும் என்பதுதான் அவள் கேட்டது.

பலகையில் அவளுடைய ஈரோட்டு வீடே கட்டங்களாக வரையப்பட்டிருந்தது. ஆளுக்கு ஐந்து காவல்காய்கள். நடுவில் வெள்ளைக் காய், அதுதான் அப்பா. அதை இருவரும் தொடக்கூடாது. அப்பாவின் மணிக்கட்டுப் பட்டை பதிந்து வைத்திருந்த நடமாட்டத்தைக் கொண்டு நடுவியே அதை நகர்த்தும்; அந்தந்த நேரத்தில் வீட்டில் கேட்ட சத்தத்தையும் கூடவே ஒலிக்கவிடும். எங்கே போகப்போகிறது என்று ஊகித்து, அந்தக் கட்டத்தில் முன்கூட்டியே காவல்காயை வைக்கவேண்டும். வெள்ளைக் காயை அதிகம் தடுத்தவருக்கு வெற்றி. வென்றவர் கேட்டது கிடைக்கும்.

அப்பாவைச் சுமந்தவருக்குத்தான் அப்பாவைத் தெரியும், அவருக்கே ஓய்வு கிடைக்கட்டும் என்று நினைத்துத்தான் சட்டம் எழுதியவர்கள் இதை ஒப்புக்கொண்டார்கள். நல்ல எண்ணம்தான்.

ஆட்டத்தன்று ரிதன்யா பலகையைப் பார்த்து யோசிக்கவே இல்லை. மழைச் சத்தம் கேட்டால் அப்பா மாடிப்படிக்குப் போவார், மொட்டை மாடியில் துணி காய்கிறது என்று. சமையலறையில் குக்கர் விசில் அடித்தால், மில்லில் ஷிப்ட் முடிந்ததென்று வாசலுக்குக் கிளம்பிவிடுவார். அவள் கை தானாகப் போய்க் காயை வைத்தது. கவினேஷ் வைத்த இடங்களில் பெரும்பாலும் யாரும் வரவில்லை. பாதியிலேயே முடிவு தெரிந்துவிட்டது.

அந்த வாரமே அப்பா ஒசூரில் கவினேஷின் பிளாட்டுக்குப் போனார். ரிதன்யா தூங்கினாள். எழுந்து சாப்பிட்டுவிட்டு மறுபடியும் தூங்கினாள்.

கவினேஷ் ஓயாமல் போன் செய்தான். "அக்கா, குளிக்க மாட்டேங்கறாரு, என்ன பண்ண?" "சட்டைய தலைகீழா போட்டுட்டு அழறாருக்கா." அவளும் தெரிந்ததையெல்லாம் சொன்னாள். மூன்றாம் மாதம், அப்பா பால்கனிப் படியில் விழுந்து புருவத்தில் தையல் போட்டதாகச் சொன்னான். அதற்குப் பிறகு போன்கள் குறைந்தன. கோபம்போல என்று நினைத்து அவளும் விட்டுவிட்டாள்.

வருடம் முடிந்ததும் கவினேஷ் மறு ஆட்டம் கேட்டு மனுப்போட்டான்.

இந்த முறை பலகையில் ஒசூர் பிளாட். ரிதன்யா முதல் காயை நம்பிக்கையோடு வைத்தாள். வெள்ளைக் காய் அந்தப் பக்கமே வரவில்லை. மழைச் சத்தம் கேட்டது. அது அசையாமல் கட்டில் கட்டத்திலேயே இருந்தது. குக்கர் விசிலுக்குக் குளியலறைக்குப் போனது. தனக்குத் தெரிந்த மனிதர் இவரில்லை என்று அவளுக்கு மெல்லப் புரிந்தது. கவினேஷ் ஒவ்வொரு முறையும் சரியான இடத்தில் வைத்தான். தாடி மண்டிய முகம், கண்ணுக்குக் கீழே கருப்பு. சந்தோஷமே இல்லாமல் ஆடினான். போன வருடம் தானும் இப்படித்தான் ஆடியிருப்போம் என்று தோன்றியது அவளுக்கு.

தீர்ப்பு வந்தது. அப்பா ஈரோட்டுக்கு.

வெளியே பெஞ்சில் அப்பா உட்கார்ந்திருந்தார். மெலிந்திருந்தார். மகளைப் பார்த்து, புதிய ஆளிடம் சிரிப்பதுபோல் மரியாதையாகச் சிரித்தார்.

"நீ நல்லா கத்துக்கிட்டடா" என்றாள் ரிதன்யா.

"வேற வழி? ராத்திரி பகல் பார்த்துக்கிட்டேதான் இருந்தேன்."

"இவ்வளவு தெரிஞ்சவன் நீயே வச்சுக்கலாமில்ல?"

"போன வருஷம் உனக்கும் தெரிஞ்சதுதானேக்கா?"

ரிதன்யா பெஞ்சில் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். யாருக்கு அப்பாவைத் தெரிகிறதோ, அவரிடமிருந்து நடுவி அப்பாவை எடுத்துவிடுகிறது. தெரியாதவரிடம் கொண்டுபோய் விடுகிறது. அந்தப் புருவத் தையல் அவள் ஜெயித்ததால் வந்தது. இனி வரப்போவது எதுவோ, அது அவன் ஜெயித்ததால் வரும்.

"சரி, சொல்லு. மாத்திரைய எதுல கலந்து குடுக்கற? ராத்திரி எந்திரிச்சா எங்க போறாரு?"

கவினேஷ் வாயைத் திறந்தான், மூடிக்கொண்டான். அவன் பார்வை அக்காவை விட்டுத் தரைக்குப் போனது. அவளுக்குச் சட்டென்று விளங்கியது. அவள் போனில் சொன்ன ஒவ்வொன்றும் பலகையில் அவன் ஜெயிக்க உதவிய ஒரு கட்டம். இப்போது அவன் சொல்லப்போகும் ஒவ்வொன்றும் அடுத்த வருடம் பலகையில் அவனுக்கு எதிராக வந்து உட்காரும்.

"ஆட்டத்துக்காகவா யோசிக்கற?"

"நான் ஒரு வருஷமா தூங்கலக்கா" என்றான். கெஞ்சுவதுபோல் இருந்தது. "போகப் போக உனக்கே தெரிஞ்சிரும்."

பையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்தான். ரிதன்யா அப்பாவின் கையைப் பிடித்து எழுப்பினாள். அவர் எழவில்லை. இழுத்தாள், முனகினார். பிறகு குரல் உயர்த்தி அழத் தொடங்கினார். ரோட்டில் போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

கவினேஷ் நின்றுவிட்டான். கொஞ்ச நேரம் முதுகைக் காட்டிக்கொண்டே நின்றான். பிறகு திரும்பி வேகமாக வந்தான்.

"கையப் புடிக்காத. தோள்ல ரெண்டு தட்டு, 'ஷிப்டு முடிஞ்சுது, போலாம்'னு சொல்லு."

அவள் சொன்னாள். அப்பா எழுந்துகொண்டார்.

அவன் சொன்னது அது ஒன்றுதான். மேற்கொண்டு கேட்டுவிடுவாளோ என்று பயந்தவன்போல, அக்காவின் முகத்தைப் பார்க்காமலே போய்விட்டான்.