காற்று வராத காலை

செவ்வாயின் ஏழாம் குடியிருப்பில் காலை ஆறு மணிக்குக் காற்று வரும். ஒரு மணி நேரம்தான். அதற்குள் வீட்டு உருளையை நிரப்பிக்கொள்ள வேண்டும். உருளையில் இன்னும் எத்தனை நிமிடக் காற்று மிச்சம் என்பதை மணிக்கட்டில் கட்டிய மூச்சுமானி காட்டிக்கொண்டே இருக்கும்.

அன்று ஏழரை ஆகியும் காற்று வரவில்லை. காற்றைத் திறந்துவிடும் வளிக்கணினி உயிர்பெற மறுத்தது.

பழுது பார்க்கும் பொற்கொடி வீட்டில் கணவனையும் எட்டு மாதக் குழந்தையையும் விட்டுவிட்டு ஓடி வந்தாள். கிளம்பும்போதே மானியைப் பார்த்துக் கணவனிடம் சொல்லியிருந்தாள். 77. அவ்வளவு நேரம் போதும் என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டாள். கணினி அறை வாசலில் கூட்டம் கூடி ஆளுக்கொரு யோசனை சொன்னது. பேசப் பேசக் காற்று செலவாகும் என்பது ஒருவருக்கும் உறைக்கவில்லை.

பொத்தானை அழுத்தினாள். விசிறி சுழன்றது. திரை இருட்டாகவே இருந்தது. பதினொரு விநாடியில் எல்லாம் அணைந்தது.

மின்சாரம் சரியாகத்தான் வந்தது. நினைவகப் பட்டைகளைக் கழற்றி, முனைகளைப் பென்சில் ரப்பரால் தேய்த்து மாட்டினாள். இருநூறு ஆண்டுகளாக மாறாத வைத்தியம் அது. இந்த முறை ஒன்பது விநாடிதான் ஓடியது.

“பவர் சப்ளை வேற இருக்கா அண்ணே?”

கணினிக் காவலர் ஜேசுராஜன் ஒன்றைக் கொண்டுவந்தார். உறை பிரிக்காதது. கொடுக்க மனமில்லாமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார்.

“இதையும் பிரிச்சிட்டா, நாளைக்கு ஒரு அவசரம்னா என்ன செய்யறது மேடம்?”

“இதுக்கு மேல என்ன அவசரம் வரணும்? குடுங்க!”

உறையைப் பல்லால் கிழித்து மாட்டினாள். ஆறு விநாடி.

பதினொன்று, ஒன்பது, ஆறு. ஒவ்வொரு முறையும் சீக்கிரம் அணைகிறதென்றால் சூடு இறங்கவில்லை என்று அர்த்தம். செயலியின் சூட்டை இழுக்க அதன் மேல் வைத்திருந்த குளிர்தகட்டைத் தொட்டாள். ஜில்லென்று இருந்தது. அடியில் இருந்த செயலியின் ஓரமோ விரலைச் சுட்டது. திருகுகளைக் கழற்றித் தகட்டைத் தூக்கினாள். இரண்டுக்கும் நடுவே மெல்லிய பிளாஸ்டிக் தாள்.

“நேத்து தகடு மாத்தினது நீங்கதானே? தாளை உரிக்கணும்னு தெரியாதா?”

“தெரியும் மேடம். புதுசு, கண்ணாடியாட்டம் மின்னுச்சு. கீறல் விழுந்துடுமேன்னு...”

“ஒரு தாளுக்காக நூறு உயிர் போயிருக்கும்! புத்தி இருக்கா உங்களுக்கு?” கத்தினாள். கத்தியதில் அழுகையும் வந்தது. தாளை உரித்துக் கசக்கி எறிந்தாள். தகட்டை மாட்டிப் பொத்தானை அழுத்தியதும் கணினி விழித்தது. குழாய்களில் காற்று சீறியது.

அவள் வீடு திரும்பியபோது குழந்தை மூச்சு வாங்கி, அப்போதுதான் அடங்கியிருந்தது. கணவன் கண்ணபிரானின் முகம் வெளுத்துக் கிடந்தது.

“எழுபத்தேழு நிமிஷம் இருக்குன்னு சொல்லிட்டுத்தானே போன? பதினாறாவது நிமிஷமே முடியப்போகுதுன்னு அலாரம் அடிச்சிடுச்சு.”

அவள் கையைப் பிடித்து மானியைத் திருப்பினான். வாங்கிய நாளிலிருந்து உரிக்காத தாள். மஞ்சளேறி, ஓரம் கிளம்பி, முதல் இலக்கத்தின் மேல் கொப்புளம் கட்டியிருந்தது. 17தான் 77 ஆகத் தெரிந்திருக்கிறது.

பொற்கொடி குழந்தையை இறுக்கிக்கொண்டாள்.

“முதல்ல அதை உரிச்சுப் போடு” என்றான்.

கிளம்பியிருந்த ஓரத்தில் நகத்தை வைத்தாள். கொஞ்சம் யோசித்தாள். கட்டைவிரலால் கொப்புளத்தை மட்டும் ஒரு பக்கமாகத் தள்ளிவிட்டு, ஓரத்தை அழுத்தி ஒட்டினாள்.

“இப்ப நல்லாத் தெரியுதுங்க. உரிச்சா கீறல் விழுந்துடும்.”