கடல்குதிரையைப் பார்த்துக்கொண்டவர்கள்

முதலிலேயே உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நானும் ஒரு துண்டை எடுத்தேன்.

என் பெயர் டோரீன். ஷிங்கிள்பே கடற்கரையில், கேளிக்கைப் பூங்காவின் வாசலுக்கு நேர் எதிரே மீன் வறுவல் கடை வைத்திருக்கிறேன். கடையில் நின்றபடி தலையைத் தூக்கினால் போதும், கடல்குதிரை தெரியும். முழுக்க முழுக்க மரத்தால் கட்டிய ரோலர் கோஸ்டர் அது. நூறு வருடமாக எங்கள் ஊர்க்காரர்களை மேலே ஏற்றி, கீழே தள்ளி, அலறவைத்து, பத்திரமாக இறக்கிவிட்டுக்கொண்டிருந்தது.

அதன் தண்டவாளத்தில் பிரேக் கிடையாது. பெட்டிகளுக்கு நடுவே ஓர் ஆள் நின்றுகொண்டு, பெரிய கைப்பிடியை இழுத்து வேகத்தைக் குறைக்க வேண்டும். பதினெட்டு வருடமாக அந்த ஆள் லென்தான். லென்னுடைய ஒரே மகள் ஹாட்டி. வயது பத்து. பள்ளி விட்டதும் நேராக என் கடைக்கு வந்து, உருளைக்கிழங்கு வறுவல் மேல் வினிகரைக் குளிப்பாட்டுவதுபோல ஊற்றிக்கொள்வாள்.

ஏப்ரல் மாதத்தில் ஒரு மதியம் கடல்குதிரை தீப்பிடித்தது. மின்கம்பியில் ஏதோ கோளாறு. நல்லவேளை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் பெரிய வளைவும் அதற்கடுத்த இறக்கமும் எரிந்து விழுந்தன. பட்டறையில் இருந்த பழைய வரைபடங்களும் சாம்பலாகிவிட்டன.

மறுநாள் காலை ஊரே அங்கே போய் நின்றது. கருகிய மரங்கள் மழையில் நனைந்துகொண்டு கிடந்தன. போகும்போது ஒருவர் குனிந்து ஒரு துண்டை எடுத்துக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டார். நான் பார்க்காததுபோல இருந்தேன். பிறகு நானும் குனிந்தேன். அவரும் பார்க்காததுபோல இருந்தார். இதில் எங்கள் ஊர்க்காரர்களை யாரும் அடித்துக்கொள்ள முடியாது.

மூன்று நாளில் இடம் சுத்தமாகிவிட்டது. பெருக்கிவிட்ட மாதிரி!

அதற்கு இரண்டு வாரம் கழித்துத்தான், பூங்கா முதலாளிகள் வரவழைத்த மோரா வந்தாள். பழைய மரக் கட்டடங்களைச் செப்பனிடும் தச்சர். வளைவு இருந்த இடத்தைப் பார்த்துவிட்டு, இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்.

"விழுந்த மரமெல்லாம் எங்க?"

எல்லாரும் வானத்தைப் பார்த்தோம்.

"ஒவ்வொரு துண்டுலயும் உளியால நம்பர் செதுக்கியிருக்காங்க. பாதி எரிஞ்சிருந்தாலும் பரவாயில்ல, அதப் பாத்து அளவெடுத்துடுவேன். வரைபடமும் இல்ல, மரமும் இல்லன்னா நான் எதப் பாத்துக் கட்டுறது? அடுத்த சனிக்கிழமை வரைக்கும் பாப்பேன். கிடைக்கலன்னா பூங்கா முதலாளிங்க மிச்சத்தையும் இடிச்சிட்டு, கார் நிறுத்துற இடம் ஆக்கிடுவாங்க."

கடல்குதிரை பாதுகாப்புக் குழுவின் தலைவர் மிஸஸ் பெட்டிஃபர். அன்று மாலையே ஊர் முழுக்க அறிவிப்பு ஒட்டிவிட்டார்.

"எச்சரிக்கை! கடல்குதிரையின் மரங்களைத் திருடியவர்கள் உடனே ஒப்படைக்கவும். தவறினால் போலீஸ் வரும்."

என்ன ஆயிற்று தெரியுமா? ஒரு குச்சிகூட வரவில்லை. அலமாரி மேல் இருந்த துண்டுகள் கட்டிலுக்கு அடியில் போயின. கட்டிலுக்கு அடியில் இருந்தவை தோட்டத்து மண்ணுக்குள் போயின. என்னுடையது உருளைக்கிழங்கு மூட்டைக்குப் பின்னால் போனது.

புதன்கிழமை ஹாட்டி வந்தாள். முகம் தொங்கிப்போயிருந்தது.

"என்னடி ஆச்சு?"

"அப்பாவுக்கு பர்மிங்காம்ல வேலை கிடைச்சிருக்கு ஆன்ட்டி. கிடங்குல பெட்டி அடுக்குற வேலை. கடல்குதிரை இனிமே எழுந்திருக்காதுன்னு சொல்றாங்க. வீட்ல சாமானெல்லாம் கட்ட ஆரம்பிச்சிட்டோம்." அவள் மூக்கை உறிஞ்சினாள். "அங்க கடலே இல்லையாம்."

அவளைத் தேற்றுவதற்காக, "உள்ள வினிகர் புது பாட்டில் இருக்கு, எடுத்துக்கோ" என்றேன்.

சொன்ன பிறகுதான் உறைத்தது. வினிகர் எங்கே இருக்கிறது? உருளைக்கிழங்கு மூட்டைக்குப் பக்கத்தில்!

ஓடினேன். தாமதமாகிவிட்டது. ஹாட்டி என் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். ஐம்பத்திரண்டு வயதில், பத்து வயதுப் பிள்ளையிடம் கையும் களவுமாக மாட்டிக்கொண்டேன்.

"அது வந்து... ஹாட்டி..."

அவள் என்னைத் திட்டவில்லை. வாசல் பக்கம் ஒரு முறை பார்த்துவிட்டு, மெல்லச் சொன்னாள்.

"எங்கிட்டயும் ஒண்ணு இருக்கு. ஸ்வெட்டர்ல சுத்தி வெச்சிருக்கேன். அப்பாவுக்குத் தெரியாது."

"நீயுமா? ஏன்டி எடுத்தே?"

"மழைல கிடந்துச்சு. பாவமா இருந்துச்சு. நீங்க?"

"அதேதான்" என்றேன். வேறு காரணம் எனக்கும் இல்லை.

இரண்டு பேரும் மூட்டை மேல் உட்கார்ந்தோம். ஹாட்டி யோசித்தாள்.

"ஆன்ட்டி, நாம திருடலயே. பாத்துக்கிட்டோம். எல்லாரும் அப்படித்தான் பாத்துக்கிட்டிருப்பாங்க. திருடன்னு சொன்னா யாரு வருவாங்க? நானே வர மாட்டேன்."

"அதுக்கு என்ன பண்றது?"

"பேப்பர் இருக்கா?"

மீன் சுற்றும் வெள்ளைக் காகிதத்தில், பெரிய எழுத்தில், நாக்கை நீட்டிக்கொண்டு எழுதினாள்.

"கடல்குதிரையின் துண்டு உங்கள் வீட்டில் விருந்தாளியாகத் தங்கியிருக்கிறதா? மழையில் விடாமல் பார்த்துக்கொண்டதற்கு நன்றி. இப்போது அது வீட்டுக்குப் போக வேண்டும். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அழைத்து வாருங்கள். டீ உண்டு."

பள்ளிப் பிள்ளைகள் நாற்பது பிரதி எழுதி ஊர் முழுக்க ஒட்டினார்கள். மிஸஸ் பெட்டிஃபர் ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு என் கடைக்குள் புயலாக நுழைந்தார்.

"என்ன இது? திருடனுக்கு டீயா?"

"பிஸ்கட்டும் உண்டு மிஸஸ் பெட்டிஃபர்" என்றாள் ஹாட்டி. "இடம் பத்தல, அதான் எழுதல."

சனிக்கிழமை பத்து மணி. பூங்கா வாசலில் நீளமான மேசை. கடன் வாங்கிய எண்பது கோப்பைகள். மோரா அளவுகோலும் நோட்டுமாக உட்கார்ந்திருந்தாள். லென் ஓரமாக நின்றான். ஹாட்டி கெஞ்சியதால்தான் வந்திருந்தான். ஈ காக்கா இல்லை.

பத்தே கால். தெருவின் இரண்டு பக்கமும் ஜன்னல் திரைகள் அசைந்தன. எல்லாரும் எட்டிப் பார்க்கிறார்கள். யார் முதலில் வருவது?

ஹாட்டி மேசைக்கு முன்னால் போனாள். முதுகுப் பையிலிருந்து ஸ்வெட்டர் மூட்டையை எடுத்தாள்.

"நான் ஒண்ணு எடுத்தேன்" என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள். "அப்பா, உங்ககிட்ட சொல்லாம எடுத்துட்டேன். மன்னிச்சுடுங்க."

லென் வந்து அவள் பக்கத்தில் நின்றான்.

மோரா துண்டை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். "இருபத்தேழு" என்றாள். ஒரு சீட்டில் எழுதி அதில் கட்டினாள். சத்தமாகப் படித்தாள். "எண் இருபத்தேழு. பார்த்துக்கொண்டவர்: ஹாட்டி."

எனக்கு வெட்கமாகவும் இருந்தது, வீராப்பும் வந்தது. என் துண்டைத் தூக்கிக்கொண்டு தெருவைத் தாண்டினேன். "டோரீன். உருளைக்கிழங்கு வாசம் அடிக்கும், கண்டுக்காதீங்க" என்றேன்.

அவ்வளவுதான்! கதவுகள் திறந்தன.

பாதிரியார் கிரிக்கெட் பையோடு வந்தார். ஓர் அம்மா தள்ளுவண்டியில் குழந்தைக்கு அடியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தாள். தபால்காரர் ஒரு காலை மடக்காமலே நடந்து வந்தார். கால்சட்டைக்குள் நீளமான மரச்சட்டம். எல்லாரும் அழகாக வரிசையில் நின்றார்கள். அடுத்தவர் கையில் இருப்பதைப் பார்க்கவே இல்லை.

"இன்னிக்கு மழை வராதுபோல" என்றார் பாதிரியார்.

"காத்துதான் கொஞ்சம் அதிகம்" என்றார் தபால்காரர்.

ஹாட்டி டீ ஊற்றிக்கொண்டே இருந்தாள். ஒவ்வொருவரிடமும், "பாத்துக்கிட்டதுக்கு நன்றி" என்றாள். கேட்டவர்களில் பாதிப் பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

வரிசையின் கடைசியில் ஒரு பெரிய தொப்பிப் பெட்டி. அதைப் பிடித்திருந்தவர் மிஸஸ் பெட்டிஃபர்!

"நான்... தலைவர்ங்கற முறையில... ஒரு பாதுகாப்புக்காக..." அவர் முகம் நண்டுபோலச் சிவந்திருந்தது. பெட்டிக்குள், பட்டுத்துணி மேல், எண் நாற்பது.

தெருவே அவரைப் பார்த்தது. ஹாட்டி ஒரு கோப்பையை நீட்டினாள்.

"சர்க்கரை எத்தனை ஸ்பூன் மிஸஸ் பெட்டிஃபர்?"

"ரெண்டு" என்றார் அவர், மெல்லிய குரலில். "தேங்க்ஸ் கண்ணு."

மோரா துண்டுகளை எண் வாரியாகப் புல்தரையில் அடுக்கினாள். மொத்தம் அறுபதில் ஐம்பத்தொன்று. ஆனால் அவள் நெற்றி சுருங்கியது.

"மரம் போதும். ஆனா ஒண்ணு இருக்கு. வளைவுல ரயில் எங்க சாய ஆரம்பிக்கும், எவ்வளவு சாயும், அத மரம் சொல்லாது. பிரேக் பிடிச்சது யாரு?"

எல்லாரும் லென்னைப் பார்த்தோம்.

"அதெல்லாம் எனக்குச் சொல்லத் தெரியாதுங்க" என்றான் அவன். "வாயால எப்படிச் சொல்றது? கைக்குத்தான் தெரியும்."

"அப்போ கையால சொல்லுங்கப்பா" என்றாள் ஹாட்டி.

லென் மகளைப் பார்த்தான். பிறகு வளைவு இருந்த இடத்துக்குப் போய், காலை அகட்டி நின்றான். கண்ணை மூடினான். இல்லாத கைப்பிடியை இரண்டு கைகளாலும் பிடித்தான்.

"மெதுவா ஏறுறோம்" என்றான். "உச்சி. இப்ப விடுறேன்."

அவன் உடம்பு மெல்ல இடப்பக்கம் சாய்ந்தது. நானும் சாய்ந்தேன். யாரும் சொல்லவில்லை. என் முதுகுக்கே அது தெரிந்திருந்தது. பக்கத்தில் பார்க்கிறேன், பாதிரியார் சாய்கிறார், தபால்காரர் சாய்கிறார், கையில் டீயோடு ஊரே இடப்பக்கம் சாய்கிறது!

"இன்னும் சாயும்... இன்னும் கொஞ்சம்... இப்ப நேராகுது."

"லென், அங்க ஒரு குலுக்கல் உண்டு!" என்று கத்தினார் பாதிரியார்.

"ஆமா, ஆமா! என் தொப்பி அங்கதான் பறக்கும்" என்றார் மிஸஸ் பெட்டிஃபர்.

"சரிதான், ஒரு குலுக்கல்" என்று சிரித்தான் லென். தீ விபத்துக்குப் பிறகு அவன் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். "பிடிச்சுக்குங்க! இறக்கம் வருது!"

அங்கே கூடியிருந்த இருநூறு பேரும் ஒரே குரலில் அலறினோம். கடற்பறவைகள் எல்லாம் கூரைகளை விட்டுப் பறந்தன. மோராவின் பென்சில் நிற்கவே இல்லை.

லென் கண்ணைத் திறந்தான். மூச்சு வாங்கியது.

"இவ்வளவு நல்ல வரைபடம் எனக்கு இதுவரைக்கும் கிடைச்சதில்ல" என்றாள் மோரா. "ஆனா ஒரு தடவை போதாது. கட்டி முடிக்கிற வரைக்கும் நீங்க என் கூடவே இருக்கணும். ரெண்டு வருஷம் ஆகலாம். நான் பூங்கா முதலாளிங்ககிட்ட பேசி உங்களுக்கு வேலை வாங்கித் தர்றேன். திங்கட்கிழமை எட்டு மணிக்கு வர முடியுமா?"

லென் ஹாட்டியைப் பார்த்தான். அவள் மூச்சே விடாமல் நின்றுகொண்டிருந்தாள்.

"ஏழரைக்கே வந்துடறேன்" என்றான்.

ஹாட்டி அப்பாவை ஓடிவந்து கட்டிக்கொண்டாள். அடுத்த நொடி, வீட்டைப் பார்த்து ஓட்டம் பிடித்தாள்.

"ஏய், எங்கடி ஓடுறே? இத்தனை கோப்பையும் யாரு கழுவுறது?" என்று கத்தினேன்.

"வர்றேன் ஆன்ட்டி! கட்டி வெச்ச சாமானையெல்லாம் பிரிக்கணும்!"

எண்பது கோப்பைகளையும் நானும் மிஸஸ் பெட்டிஃபரும்தான் கழுவினோம்.