இரைச்சலுண்ணி

காரில் பாட்டை நிறுத்திய பிறகும் அந்த ‘இர்ர்ர்’ நிற்கவில்லை. பக்கத்தில் போகும் பஸ்ஸின் உறுமலைக்கூட விழுங்கிவிடும் இரைச்சலுண்ணியிடமிருந்து இது மட்டும் எப்படித் தப்பி வருகிறது என்று இளவேனிலுக்குப் புரியவில்லை.

இப்போதெல்லாம் கார்களின் ஒவ்வொரு இருக்கையிலும், தலை சாயும் மெத்தைக்குள், ஸ்பீக்கரோடு ஒரு இரைச்சலுண்ணியும் இருக்கிறது. வருகிற ஓசைக்கு நேரெதிரான ஓசையை எழுப்பி இரண்டையும் இல்லாமல் ஆக்கிவிடும். எது வேண்டாத ஓசை என்று அதற்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. உட்கார்ந்திருப்பவர் எதற்குத் திரும்பிப் பார்ப்பதில்லை, எதைக் காதில் வாங்குவதில்லை என்று கவனித்துத் தானே கற்றுக்கொள்ளும்.

அந்த வியாழக்கிழமை, அப்பா சதீஷ்குமாரை டயாலிசிஸ் நிலையத்தில் விட்டுவிட்டு, மூன்றாம் முறையாக அல்போன்ஸின் கடைக்கு வந்தாள். பாளையங்கோட்டையில் கார் ஸ்டீரியோ பழுது பார்ப்பவர் அவர். முதல் முறை எர்த் ஒயரை மாற்றினார். இரண்டாம் முறை ஆம்ப்ளிஃபயரையே மாற்றினார். இரண்டுமே பலிக்கவில்லை. அலுவலகத்துக்குப் போகும்போது சத்தமே வருவதில்லை, திங்களும் வியாழனும் மட்டும்தான் வருகிறது என்று இளவேனில் சொன்னதும், அவர் கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தார். அந்த நாள்களில் காரில் வேறு யார் இருப்பார்கள் என்று கேட்டார்.

“அப்பா மட்டுந்தான். ஆனா அவரு வாயத் திறந்தே ரெண்டு மாசமாச்சுண்ணே.”

அந்த மௌனம் அவளை ஏற்கெனவே குழப்பிக்கொண்டிருந்தது. அப்பா தனியாக இருந்தார். இருவரும் சந்திப்பதே இந்தப் பயணங்களில்தான். கோபமா, மனச்சோர்வா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. கேட்டும் பார்த்தாள், பதில் இல்லை.

பழுது பார்ப்பவர்களுக்காக, விழுங்கிய ஓசைகளைப் பத்து நாள் வரை இரைச்சலுண்ணி சேமித்து வைத்திருக்கும். அல்போன்ஸ் அவள் இருக்கையின் சேமிப்பைத் திறந்து கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு ஹெட்போனைக் கழற்றினார்.

“ஒயர்ல கோளாறே இல்ல மேடம். அது உங்க அப்பா குரல். இப்பத் தொண்ட கரகரன்னு ஆயிட்டுல்லா, அதான் மெஷினால முழுசா விழுங்க முடியல. மிச்சந்தான் இர்ர்ருன்னு வருது.”

இளவேனில் ஹெட்போனை வாங்கி மாட்டிக்கொண்டாள். திங்கட்கிழமைப் பதிவு. மூச்சு வாங்க வாங்க அப்பா பேசிக்கொண்டிருந்தார்.

“போதும்மா. இப்பிடிக் குத்திக் குத்தி எத்தன நாளைக்கு? வியாழக்கிழம டாக்டர்ட்ட சொல்லி நிப்பாட்டிரலாம்னு இருக்கேன். ஒனக்கு நிப்பாட்ட வேண்டாம்னு பட்டா சொல்லு.”

அதற்குப் பிறகு வெகுநேரம் அவர் பேசவில்லை. பதிலுக்குக் காத்திருந்திருக்க வேண்டும். அன்று ‘இர்ர்ர்’ கூடுதலாக இருக்கிறதே என்று பாட்டின் சத்தத்தைக் கூட்டியது அவளுக்கு நினைவு வந்தது.

ஆனால் இத்தனை நாள் அவள் கேட்டதற்கெல்லாம் அவர் ஏன் பதில் சொல்லவில்லை? அல்போன்ஸ் பக்கத்து இருக்கையின் சேமிப்பையும் திறந்தார். அதில் அவள் குரல் இருந்தது. ‘கால் வலிக்காப்பா? என்மேல கோவமா?’ ஒவ்வொரு கேள்வியும் முழுதாக விழுங்கப்பட்டிருந்தது. அவள் அலுவலகத்தோடு போனில் பேசியபடியே ஓட்ட, அவர் அருகில் கண்ணயர்ந்து வந்த பழைய நாள்களில், அவள் குரல் அவருக்கு வேண்டாத ஓசை என்று அந்த இருக்கை கற்றுக்கொண்டிருந்தது. போனிலேயே இருந்த அவள் காதில் வாங்காத அவர் குரலை அவள் இருக்கையும் அப்படித்தான் கற்றிருந்தது.

இரண்டு இருக்கைகளிலும் இரைச்சலுண்ணியை அணைக்கச் செய்துவிட்டு விரைந்தாள். நிலையத்தின் வாசலில் அப்பா நின்றிருந்தார். கைத்தாங்கலாக ஏற்றிக்கொண்டு காரை எடுத்தாள். இத்தனை காலமாகக் கேட்காதிருந்த டயர் சத்தமும் ஹாரன்களும் உள்ளே திமுதிமுவென்று நுழைந்தன.

“டாக்டர்ட்ட சொல்லிட்டீங்களாப்பா?” என்று கேட்டாள்.

அவர் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். குரலை உயர்த்தி மறுபடி கேட்டாள். திரும்பவில்லை. இரைச்சலுண்ணி அணைந்திருக்கிறதா என்ற சந்தேகத்தில் பொத்தானைத் தொட்டுப் பார்த்தாள். அணைந்துதான் இருந்தது. ஓரமாக நிறுத்தி அவர் தோளைத் தொட்டாள்.

அவர் திகைத்துப்போய்த் திரும்பினார்.

“என்கிட்டயாம்மா கேட்ட? நீ போன்ல யார்ட்டயோ பேசுதேன்னுல்லா இருந்தேன்.”

“உங்ககிட்டதாம்ப்பா. டாக்டர்ட்ட சொல்லிட்டீங்களா?”

“சொல்லிட்டேனே. கையெழுத்தும் போட்டுட்டேன். நீதான் ஒண்ணும் சொல்லலியே.”

“இப்ப சொல்லுதேன். நிப்பாட்ட வேண்டாம்ப்பா” என்றாள் இளவேனில்.

அவர் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் காரை நிலையத்தை நோக்கித் திருப்பினாள்.