வெட்டியெடுத்த ஆள்

இலை இலையாக விழ வேண்டிய நிழல், கட்டம் கட்டமாக விழுந்திருந்தது.

கரேன் கணினித் திரைக்கருகே முகத்தைக் கொண்டுபோனாள். ரிசார்ட் ஒன்றுக்காக அவள் உருவாக்கிக்கொண்டிருந்த தேயிலைத் தோட்ட பங்களாவின் முப்பரிமாணப் படம் அது. மரத்தின் ஒவ்வோர் இலையும் கண்ணாடி போன்ற சதுரத் தாளில் ஒட்டிய புகைப்படம்தான். கண்ணுக்கு இலை மட்டுமே தெரியும். மிச்சத் தாளை ஊடுருவிப் போகும்படி வெளிச்சத்துக்குச் சொல்ல மறந்தால், முழுத் தாளுக்கும் நிழல் விழுந்துவிடும். தினமும் நடக்கிற கூத்து. ஒரு பொத்தானைத் தட்டினாள். இலைகளின் நிழல் சரியாகிவிட்டது.

படத்து வராந்தாவில் நின்ற எட்ரியனின் நிழல் மட்டும் சரியாகவில்லை.

படத்தில் தோட்டத்து ஆள் ஒருவர் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். காலையில் காய்கறி லோரியை எடுக்கப் போகும்போது, நீலச் சட்டையோடு இடக்கையைத் தூக்கிக் காட்டிய கணவன் எட்ரியனைப் போனில் படம் பிடித்து, சுற்றியிருந்ததையெல்லாம் வெட்டி எறிந்துவிட்டு அங்கே ஒட்டியிருந்தாள். அவன் காலடியில் சவப்பெட்டி மூடிபோலக் கரிய செவ்வகம் நீண்டு கிடந்தது. மறுபடி தட்டினாள். அதே செவ்வகம். எட்ரியனையே அழித்தாள்.

அவன் போய்விட்டான். நிழல் போகவில்லை.

மணி ஐந்துதான். அதற்குள் தானா ராத்தா மலைநகரை மூடுபனி விழுங்கியிருந்தது. தகரக் கூரையில் மழை ஓயாமல் அரைத்துக்கொண்டிருக்க, கொடியில் காயாத துணிகளின் முடை நாற்றம் அறைக்குள் கனத்தது. வாசல் விளக்கைப் போட்டுவிட்டு வந்தபோது போன் அலறியது. எட்ரியனோடு லோரி ஓட்டும் மகேன்.

"அண்ணி, அண்ணன் வீட்டுக்கு வந்துட்டாரா?"

"இல்லையே. ஏன்டா?"

"திரிங்காப் வளைவுல லோரி நிக்குது. என்ஜின் ஓடுது, கதவு ரெண்டும் உள்ள பூட்டியிருக்கு. ஆளக் காணோம் லா."

கதவு தட்டப்பட்டது.

"டாடி வந்துட்டாங்க!" ஏழு வயது மகள் வனஸ்ஸா துள்ளி ஓடினாள்.

"பாப்பா, இரு. தொறக்காத!"

கதவுக் கண்ணாடியின் லேஸ் திரை வழியே வாசல் வெளிச்சம் தரையில் விழுந்திருந்தது. லேஸின் நிழல் பூப்பூவாக. அதன் நடுவே கரிய செவ்வகம். தலை இல்லை. தோள் இல்லை. நான்கு மூலைகள்.

"கரேன், தொற லா. குளுருது."

அவன் குரல்தான்.

வனஸ்ஸா தாழ்ப்பாளை இழுத்துவிட்டாள்.

எட்ரியன் நின்றான். அதே நீலச் சட்டை. கொட்டும் மழையில் ஒரு சொட்டு ஈரமில்லை. இடக்கை தூக்கியபடியே இருந்தது.

கரேன் பாய்ந்தாள். எட்டவில்லை.

மகளைத் தூக்க அவன் பக்கவாட்டில் திரும்பினான்.

திரும்பியதும் அவன் இல்லை. தலைமுடி கனத்தில் ஒரு நீலக் கோடு.

கோட்டுக்கு மேலே, வெறும் காற்றில், வனஸ்ஸா சிரித்தபடி தொங்கினாள். அந்தச் சிரிப்பு அசையவில்லை.

தரையில் விழுந்த அவள் நிழலுக்கும் நான்கு மூலைகள்.