விரலைத் தேடிய நரம்பு

ரப்பர் பட்டையைக் கட்டுவதற்கு முன்பே அந்த ஆளின் நரம்பு எழுந்து வந்தது.

ரத்தம் எடுக்கும் அறையிலேயே பாதி ஆயுளைக் கழித்தவள் அவள். ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் அவள் ஊசியம்மா. வழுக்கி ஓடும் நரம்பு, வளைந்து ஒளியும் நரம்பு, தொட்டதும் அமுங்கிவிடும் நரம்பு என்று ஒவ்வொன்றின் குணமும் அவளுக்கு அத்துப்படி. மாற்று இதயம் வைத்துக்கொண்டவர்களின் கைதான் இருப்பதிலேயே மோசம். ஓயாமல் குத்திக் குத்தித் தழும்பேறி, எங்கே தடவினாலும் காய்ந்த கயிறு மாதிரி இருக்கும். இந்த ஆளுடைய கையும் அப்படித்தான் இருந்தது. ஆனால் அவள் விரல் அருகே போனதும் முழங்கையின் உள்மடிப்பில் நீலமாக ஏதோ புடைத்தது. புடைத்ததோடு நிற்காமல் மெல்லப் பக்கவாட்டில் நகர்ந்து, அவள் விரல்நுனிக்கு நேர் கீழே வந்து நின்றது. தடவக் கை நீட்டினால் பூனை முதுகைத் தூக்குமே, அந்த மாதிரி.

"பரவாயில்லயே. மத்தவங்ககிட்ட ஆட்டம் காட்டும். உங்களைக் கண்டா மட்டும் ஓடி வருது" என்று அவன் சிரித்தான். பள்ளி வேன் ஓட்டுகிறவன். குரலே கொஞ்சம் உரக்கத்தான் வரும். பக்கத்தில் அவன் மனைவி, மேடிட்ட கர்ப்ப வயிற்றின் மேல் கைப்பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"எப்ப வெச்சாங்க?" என்று ஊசியம்மா சும்மா கேட்டு வைத்தாள்.

"போன வருஷம், மழை பிடிச்சுதே, ரோடெல்லாம் தண்ணி நின்னுதே, அன்னைக்கு ராத்திரி. யாரோ ஒரு பொண்ணோடதாம். வண்டியில வழுக்கி விழுந்துடுச்சாம். வேற எதுவும் சொல்ல மாட்டேன்னுட்டாங்க."

குழாயில் ரத்தம் ஏறிக்கொண்டிருந்தது. ஊசியம்மாவின் கை அடுத்த குழாயை எடுத்துச் செருகியது. அத்தனை வருடப் பழக்கம். உள்ளே மட்டும் ஏதோ பொலபொலவென்று சரிந்தது.

அன்று இரவு, இதே ஆஸ்பத்திரியின் மேல்மாடியில், மூளை அடங்கிவிட்டது என்று சொன்ன பிறகும் சூடாகவே இருந்த மகளின் கையைப் பிடித்துக்கொண்டு உறுப்பு தானத்துக்குக் கையெழுத்துப் போட்டவள் அவள். வீட்டில் இருந்ததே இரண்டு பேர்தான், அவளும் அந்த வாலும். பிறந்ததிலிருந்து ஓரிடத்தில் நிற்காத பிள்ளை என்பதால் வாலு என்றே பெயர் நிலைத்துப்போனது. ஒரு வருடமாக வீடு வீடாக இல்லை. குளியலறையில் மகளின் ஷாம்பு டப்பா இன்னும் இருக்கிறது. திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு மூடி வைப்பாள். தீர்ந்துவிடுமோ என்று முகர்வதைக்கூட இப்போதெல்லாம் குறைத்துக்கொண்டிருந்தாள். இப்போது மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு சட்டைப் பித்தானுக்குப் பின்னால் அந்த மகள் துடித்துக்கொண்டிருக்கிறாள்.

யாரிடமும் அவள் சொல்லவில்லை. அடுத்த முறை அவன் வரும் நாளுக்குக் காத்திருந்தாள்.

அவன் ரத்தத்தில் செய்யும் பரிசோதனை எதற்கென்று அவளுக்குத் தெரியும். வைத்த இதயத்தை உடம்பு அந்நியமாக நினைத்துத் தாக்க ஆரம்பித்தால், அதன் அணுக்கள் உடைந்து, மரபணுத் துணுக்குகள் ரத்தத்தில் மிதந்து வரும். கொடுத்தவருடைய துணுக்கு எவ்வளவு, வாங்கியவருடையது எவ்வளவு என்று லேபில் பிரித்துப் பார்ப்பார்கள். கொடுத்தவருடையது கூடினால் இதயம் கரைகிறது என்று அர்த்தம். அதாவது, அந்தக் குழாயில் அவள் மகள் பொடிப்பொடியாக இருக்கிறாள். ஒவ்வொரு முறையும் குழாயைத் தாங்கியில் வைக்கும்போது, ஒரு கணம் கூடுதலாக உள்ளங்கையில் வைத்துக்கொள்வாள். அவ்வளவுதான். அதற்கு மேல் எதுவும் ஆசைப்படவில்லை என்றுதான் நினைத்தாள்.

ஒரு நாள் மதியம் இதய டாக்டர் அவளைத் தேடிக்கொண்டு அறைக்கே வந்தார்.

"ஊசியம்மா, அந்த வேன் டிரைவருக்கு நீங்க எடுக்கற ரத்தத்துல ரிசல்ட் எகிறுது. நர்ஸ் எடுத்தா கம்மியா வருது. குழாய் ஏதாவது மாறிப்போகுதா?"

"மாறாது டாக்டர்."

"எனக்கும் தெரியும். ஆனா புரியல. சதை எடுத்துப் பார்த்தாச்சு. உடம்பு அந்த இதயத்தைத் தொடவே இல்ல, மருந்தெல்லாம் சரியா வேலை செய்யுது. இருந்தும் அது கரையுது." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உடம்பு வேண்டாம்னு சொல்லல. இதயம்தான் அங்க இருக்க மாட்டேங்குது. அப்படித்தான் சொல்லத் தோணுது."

அவர் போன பிறகு வெகுநேரம் அவள் உட்கார்ந்தே இருந்தாள். ஸ்பிரிட் வாடை. குளிர்பெட்டியின் முனகல். பூனை முதுகு மாதிரி எழும்பிய அந்த நரம்பு. அது யார், ஏன் எழுந்து வருகிறது, எங்கே வரப் பார்க்கிறது என்பதெல்லாம் அவளுக்குப் புரிந்துபோயிற்று. பெற்றவளுக்குப் புரியாமல் போகுமா. அவள் விரல் படும்போதெல்லாம், பிள்ளை தன்னைப் பிய்த்துப் பிய்த்து அனுப்பிக்கொண்டிருந்தது.

மறுநாளே அவள் மாற்றல் கேட்டு, வேறு கட்டடத்துக்குப் போய்விட்டாள். இரண்டாவது தடவை பிள்ளையைப் பறிகொடுத்த மாதிரி இருந்தது அவளுக்கு; அதுவும் இந்த முறை தானே உதறிவிட்டு வந்தது மாதிரி. அவன் பெண்டாட்டிக்குக் குழந்தை பிறந்துவிட்டதென்று யாரோ சொன்னார்கள். பெண் குழந்தையாம். ரிசல்ட் இறங்கிவிட்டதாகவும் சொன்னார்கள். நல்லது என்று தலையாட்டினாள். வீட்டுக்குப் போய்த் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள்.

மழை திரும்ப வந்தது. வானம் இருட்டிக்கிடந்த ஒரு சாயங்காலம், வார்டிலிருந்து ஆள் வந்தது. வேன் டிரைவரைச் சேர்த்திருக்கிறார்கள். நாலு பேர் முயன்றும் நரம்பு கிடைக்கவில்லை. ரத்தம் பார்க்காமல் எந்த மருந்தும் ஏற்ற முடியாது.

"நான் வரல" என்றாள்.

"அவர் சம்சாரம் கெஞ்சறாங்க. கைக்குழந்தையோட நிக்கறாங்க."

போனாள்.

நீண்ட நடைபாதை. ஈரக்குடைகளின் வாடை. விளக்குகளில் ஒன்று மின்னி மின்னி அடங்கிக்கொண்டிருந்தது. கதவருகே வரும்போதே மானிட்டரின் சத்தம் கேட்டது; தளர்ந்த, இழுத்து இழுத்து வந்த சத்தம். அவள் வாசலில் கால் வைத்ததும் அது வேகம் பிடித்தது. வாசலைத் தாண்டி ஓர் அடி வைத்தாள். இன்னும் வேகம். நின்றாள். அதுவும் நிதானித்தது.

அவன் பாதியாக இளைத்திருந்தான். "வந்துட்டீங்களா அக்கா" என்றான். உரத்த குரல் போன இடம் தெரியவில்லை. "நீங்க போனதுலேர்ந்தே ஒரு மாதிரியா இருக்கு. எனக்கு ஒண்ணும் இல்ல. நெஞ்சுதான்… கூட்டத்துல அம்மாவைத் தொலைச்ச குழந்தை மாதிரி அலையுது."

அவள் கட்டிலருகே போனாள். கூட இருந்தால் கரைகிறது. விட்டுவிட்டு வந்தால் தேடியே தேய்கிறது.

அவன் மனைவி கட்டிலுக்கு அந்தப் பக்கம், ஒரு கையில் குழந்தை, மறு கையில் அவன் கை. "பாத்து எடுங்க அக்கா. உங்களைத்தான் நம்பியிருக்கோம்."

ஊசியம்மா குனிந்தாள். அவன் காதுக்குக்கூடக் கேட்காத குரலில், அந்த மார்பைப் பார்த்துச் சொன்னாள்.

"இங்கேயே இரு வாலு. சொன்ன பேச்சைக் கேளு. அம்மா நல்லா இருக்கேன். வராத. இவங்களுக்கு நீ வேணும்டா கண்ணு."

வாய் சொன்னது அது. விரல்கள் வேறு ஏதோ சொல்லியிருக்க வேண்டும். மாதக்கணக்கில் பட்டினி கிடந்த விரல்கள்.

நரம்பு எழுந்தது. ஒன்றல்ல. மணிக்கட்டிலிருந்து, புஜத்திலிருந்து, கழுத்தோரத்திலிருந்து. தோலுக்கடியில் நீலநீலமாக ஊர்ந்து, எல்லாம் முழங்கை மடிப்பை நோக்கி. அவள் விரலை நோக்கி.

ஊசி அவள் கையில் இருந்தது. குத்தினாளா, தோலே வந்து ஏறிக்கொண்டதா, தெரியவில்லை. குழாய் நிரம்பியது. உடனே. அடுத்ததும். சூடு. கொதிக்கும் சூடு.

"போதும்" என்றாள். "போதும்மா. போதும்."

நிற்கவில்லை.

ஊசியைப் பிடுங்கினாள். துளையின் மேல் கட்டை விரலை வைத்து அழுத்தினாள்.

மானிட்டர் ஒரே கோடாக அலறியது. டாக்டர் ஓடி வந்தார். ஆட்கள் வந்தார்கள். அவன் மார்பை அமுக்கினார்கள், அமுக்கினார்கள், கட்டில் கிறீச்சிட்டது. குழந்தை வீறிட்டது. கடைசியில் டாக்டர் கையை எடுத்தார். யாரையும் பார்க்காமல் தலையை மட்டும் அசைத்தார்.

மானிட்டரை அணைத்தார்கள். அறையில் மழைச் சத்தம் மட்டும்.

"அக்கா" என்று அவன் மனைவி மெல்லக் கூப்பிட்டாள். அழுகை இன்னும் வந்து சேரவில்லை அவளுக்கு. "விடுங்க அக்கா. அதான் முடிஞ்சுபோச்சே. கையை எடுங்க."

ஊசியம்மா எடுக்கவில்லை.

செத்துப்போனவனின் கை அவள் பிடியில் சில்லிட்டுக்கொண்டே போனது. கட்டை விரலுக்கு அடியில் மட்டும் சூடு. அந்தச் சூட்டுக்குள், தோலை முட்டி முட்டி, விடாமல், ஆசை ஆசையாக, அது துடித்துக்கொண்டிருந்தது.