நாற்பதில் ஒரு பங்கு

காலை ஷிப்டு தொடங்கிச் சற்று நேரத்தில், இரும்பு வார்ப்பாலையின் மூன்றாம் குழுவில் இருந்த நாற்பது பேருக்கும் வலது கணுக்காலில் ஒரே சமயத்தில் சுருக்கென்றது. எறும்பு கடித்த அளவுதான். யாரும் குனிந்து பார்க்கவில்லை. அடுத்தவர் முகத்தையும் பார்க்கவில்லை. மணல் அச்சைத் தட்டிக்கொண்டிருந்தவர்கள் தட்டிக்கொண்டே இருந்தார்கள். இலக்கியாவுக்கு மட்டும் அது யாருடையது என்று நிச்சயமாகத் தெரியும். அவள் புருஷன் மோனிஷ் உலை மேடைப் படியில் ஏறுகிறான்.

போன மாதம் இரும்புக் குழம்பு ஊற்றும் பெரிய கரண்டி சரிந்து அவன் கணுக்காலை நொறுக்கியிருந்தது. அந்தக் காலமாக இருந்தால் ஆறு மாதம் கட்டிலில் கிடந்திருப்பான். ஏழாவது மாதம் ஆலைக்கு வந்தால் அவன் இடத்தில் வேறொருவன் நின்றுகொண்டிருப்பான். இப்போது அப்படியில்லை. கட்டுப் போட்ட வாரமே வேலைக்கு வந்துவிட்டான். எலும்பு நொறுங்கிய வலியை நாற்பதால் வகுத்தால் என்ன மிஞ்சும்? எறும்புக்கடிதான்.

வகுத்துக் கொடுப்பது வலிப்பங்கி. எலுமிச்சை விதை அளவில் ஒரு சில்லு. வேலைக்குச் சேரும் நாளில் பின்கழுத்துத் தோலுக்கு அடியில் வைத்துவிடுவார்கள். மூளையில் வலி போகிற பாதையிலேயே அதை மறித்து, குழுவில் எத்தனை பேரோ அத்தனை கூறாக்கி, ஆளுக்கொரு கூறு அனுப்பிவிடும். அடிபட்டவருக்கும் ஒரு கூறுதான். காயம்பட்ட தொழிலாளி வேலைக்குத் திரும்புவது அவர் பாடு மட்டுமல்ல, கூட வேலை செய்கிறவர்கள் எல்லாருடைய பொறுப்பும் என்பது மீள்பணிக் கூட்டுப்பொறுப்புச் சட்டம்.

இது முதலாளிகள் திணித்த சட்டம் என்று நினைத்தால் அது தப்பு. கோயம்புத்தூர் முழுக்க சங்கங்கள் கொடி பிடித்து வாங்கிய சட்டம். ஆலை வாயிற்கூட்டத்தில் இலக்கியாவே மைக்கைப் பிடித்துப் பேசியிருக்கிறாள். அவளுடைய அப்பா கை நசுங்கி வீட்டோடு கிடந்தவர். ஆலையிலிருந்து ஒரே ஒரு முறை சாத்துக்குடிப் பையோடு வந்து பார்த்துவிட்டுப் போனார்கள், அத்தோடு சரி. "எங்கப்பன் ஒத்தையாக் கெடந்து நொந்துச்சுங்க. இனி ஒருத்தரும் ஒத்தையா நோகக் கூடாது!" என்று அவள் சொன்னபோது கைதட்டல் அடங்க வெகு நேரம் ஆயிற்று. அவள் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை, அதுதான் கொடுமை.

முதலில் விபத்து நடந்தால் மட்டும் வலிப்பங்கியைத் திறந்துவிட்டார்கள். எது காயம், எது காயமில்லை என்று முடிவு செய்வதற்குள் நாக்குத் தள்ளிப்போயிற்று. எப்போதும் திறந்தே இருக்கட்டும் என்று சங்கம்தான் கேட்டு வாங்கியது. அதன்பிறகு பல்வலியும் தலைவலியும் பொதுச்சொத்தாயின. மாதாமாதம் அடிவயிற்றில் வருகிற வலி எப்படிப்பட்டது என்று உலை மேடை ஆண்களுக்கும் தெரிந்தது. அதைப் பற்றி ஆலையில் நடந்த கேலிப் பேச்செல்லாம் ஒரே வாரத்தில் நின்றது. அந்த வகையில் நல்ல இயந்திரம்தான்.

ஒரு நாள் முழுக்க கடைவாய்ப் பல் குடைந்தபோது, "யாரோடதுப்பா இது? புடுங்கித் தொலைய வேண்டியதுதானே!" என்று ஒருத்தர் கத்தினார். பல்லுக்குச் சொந்தக்காரன் கூனிக்குறுகிப் போனான். மறுநாளிலிருந்து அவன் வேலைக்கே வரவில்லை. அன்றைக்கு மூன்றாம் குழு தானாகவே ஒரு வழக்கத்தை ஏற்படுத்திக்கொண்டது. வலி வந்தால் யாருடையது என்று கேட்கக் கூடாது. சுற்றிலும் பார்ப்பதுகூட மரியாதையில்லை. வாங்கிக்கொண்டு வேலையைப் பார்க்க வேண்டும். சட்டத்தில் எங்கும் இல்லாத இந்த ஒன்றைத்தான் அவர்கள் எல்லாவற்றையும்விடச் சுத்தமாகக் கடைப்பிடித்தார்கள்.

மோனிஷுக்குக் கணுக்கால் வலிக்கவில்லை. அதனால் அதன்மேல் நின்றான், ஏறினான், இறங்கினான். எலும்பு கோணலாகக் கூடியது. "காலை ஊனாம இருக்கோணும்னு சொன்னனுங்கல்ல?" என்று டாக்டர் கேட்டதற்கு, "வலிச்சாத்தானுங்க ஞாபகம் வருது" என்று சிரித்தான். விந்தி விந்தி நடந்தாலும் வேலையில் இருந்தான். இலக்கியாவுக்கு அது போதும். ஒரே வண்டியில் வந்து, ஒரே வண்டியில் திரும்பினார்கள்.

ஆயுத பூசை வந்தது. அன்றைக்கு உலை அணைந்திருக்கும். இயந்திரக் கைகளைத் துடைத்துச் சந்தனம் தடவிப் பொட்டு வைத்திருந்தார்கள். பொரி மூட்டை பிரித்தாயிற்று. பூசணிக்காய் உடைக்கிற வேலை எப்போதும் மோனிஷுக்குத்தான். அவன் காயைத் தலைக்குமேல் தூக்கும்போது எல்லாருக்கும் நெஞ்சில் லேசாக ஏதோ இறுக்கியது. பொத்தான் இறுக்கமான சட்டை போட்ட மாதிரி, அவ்வளவுதான். காலையிலிருந்தே அப்படி விட்டு விட்டு இருந்தது. சாம்பிராணிப் புகையாக இருக்கும் என்று சிலர் நினைத்தார்கள். யாருக்கோ வாய்வு என்று சிலர் நினைத்தார்கள். மற்றவர்கள் எதுவும் நினைக்கவில்லை, வாங்கிக்கொண்டார்கள்.

இலக்கியா மட்டும் வழக்கத்தை மீறிப் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் சிதறிய பூசணித் துண்டுகளைக் காலால் ஒதுக்கிவிட்டு யாரையோ கிண்டல் பண்ணிச் சிரித்துக்கொண்டிருந்தான். நிம்மதியாகத் திரும்பிக்கொண்டாள். அவனுக்கும் நாற்பதில் ஒரு பங்குதான் வரும் என்பது அந்த நேரத்தில் அவளுக்குத் தோன்றவில்லை.

மோனிஷ் மணல் பெட்டிமேல் உட்கார்ந்து பொரி தின்றான். பிறகு எழுந்திருக்கவில்லை. கைப்பிடிப் பொரி கையிலேயே இருந்தது.

ஆஸ்பத்திரியில், எல்லாம் முடிந்த பிறகு, டாக்டர் திரையில் சோதனை முடிவுகளைக் காட்டினார். "காலையிலயே ஆரம்பிச்சிருக்குதுங்க அம்மா. மத்தியானம் வரைக்கும் நேரம் இருந்துருக்குது. நெஞ்சு வலிக்குதுன்னு ஒரு வார்த்தை சொன்னாருங்களா?"

"இல்லீங்க."

"கொஞ்சங்கூடவா?"

"எனக்கு வந்துச்சுங்க டாக்டர்."

"உங்களுக்குங்களா?"

"எல்லாருக்கும் வந்துச்சுங்க" என்றாள் இலக்கியா.

வீட்டில் அவனைக் கிடத்தியிருந்தபோது அவள் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாள். அழுகை வரவில்லை. எங்கேயோ ஒரு ஓரத்தில் முள் குத்தியது போல இருந்தது. பக்கத்து அறையில் மறந்து வைத்த சாமானைத் தேடுவது போல அவள் தன் துக்கத்தைத் தேடினாள். மோனிஷின் அக்கா, துக்கத்துக்கு வந்திருந்த ஒறம்பரைக்காரர்கள் நடுவில் சொன்னது காதில் விழுந்தது. "கட்டுனவன் கெடக்கறான். இவ கண்ணுல பொட்டுத் தண்ணி இல்ல பாரு. கல்லு மனசு."

அதே நேரத்தில் மூன்றாம் குழுவின் மற்ற முப்பத்தெட்டுப் பேரும் அவரவர் இடத்தில் அதே முள்குத்தை வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எலும்பு முறிவதற்கும் ஆள் போவதற்கும் மூளையில் ஒரே பாதை. வலிப்பங்கிக்கு வித்தியாசம் தெரியாது. இந்தச் சில்லைச் செய்தவர்கள் அதை முதலிலேயே அறிந்திருந்தார்கள். கூடுதல் நன்மை என்று விளம்பரத்திலும் போட்டிருந்தார்கள்.

மூன்றாம் நாள் காரியம் முடிந்ததும் ஆலையின் மீள்பணி அலுவலர் கௌசிக் வந்தார். கெட்டவர் இல்லை. தரையில் உட்கார்ந்து, கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டுத்தான் பேச்சை ஆரம்பித்தார்.

"உங்க வலி அளவெல்லாம் நல்லா இருக்குதுங்க்கா. நாளைக்கே வேலைக்கு வரலாம். குழு உங்களை நல்லாத் தாங்குது."

"தம்பி, எனக்கு இதை எடுத்துருங்க" என்று இலக்கியா பின்கழுத்தைத் தொட்டுக் காட்டினாள்.

"ஏனுங்க்கா? எடுத்தா மொத்தமும் உங்க மேல எறங்குமே!"

"எறங்கட்டுங்க. இருவது வருசம் கூடக் குடித்தனம் பண்ணுனேன். அவியளுக்காக நான் அழுக வேண்டாமுங்களா? போனது எம்புருசன். எனக்கு எறும்பு கடிச்ச மாதிரி இருந்தா அது நியாயமா?"

கௌசிக் விதியை எடுத்துச் சொன்னார். "காயம் ஆறாதவரைக்கும் குழு ஒருத்தரைக் கைவிடக் கூடாதுங்க்கா. ராஜினாமாக் கொடுத்தாலும் எடுக்க முடியாது. அடிபட்டவங்களைக் கழட்டி விட்டுரக் கூடாதுன்னு சங்கம் போட்ட விதி."

"எனக்குத் தெரியுமுங்க. அதுக்காக மைக்குல பேசுனதே நாந்தான்."

"குழுவுல எல்லாருமே கை தூக்கி சம்மதிச்சா எடுக்கலாமுங்க."

அழுது தீர்க்காத துக்கம் எப்படி ஆறும் என்று அவரிடம் கேட்க நினைத்தாள். அவர் வயதுக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை என்று விட்டுவிட்டாள்.

மறுநாள் ஆலைக்குப் போனாள். மோனிஷ் உட்கார்ந்திருந்த மணல் பெட்டியை யாரோ நகர்த்தி வைத்திருந்தார்கள். டீ இடைவேளையில் குழு வட்டமாக நின்றது. இலக்கியா நடுவில் நின்று, வாயிற்கூட்டத்தில் பேசிய அதே குரலில் கேட்டாள்.

"எனக்கு ஒரே ஒரு உதவி பண்ணுங்க. என்ற துக்கத்தை எல்லாம் எனக்கே திருப்பிக் குடுத்துருங்க. அவியளை நான் ஒத்தையாத் தூக்கிக்கறேன். கை தூக்குங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

ஒரு கைகூட எழவில்லை. எல்லாருடைய கண்ணும் கலங்கியிருந்தது. பக்கத்து மேசையில் வேலை செய்கிற ஹரிணி வந்து அவளைக் கட்டிக்கொண்டாள்.

"அன்னைக்கு எனக்கும் நெஞ்சு இறுக்குச்சு அக்கா. யாரோடதுன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா அண்ணன் இன்னைக்கு இருந்திருக்கும். கேக்காம விட்டுட்டோம். இதையாவது தாங்கறோம். உன்னைய ஒத்தையா உடுவோமா? செத்தாலும் உட மாட்டோம்."

இலக்கியாவுக்குக் கோபம் வந்தது. பொங்கி வர வேண்டிய கோபம். வரும்போதே வடிந்துவிட்டது. ஹரிணிக்கு மனசாட்சி உறுத்தியது, அதுவும் அப்படியே. குற்ற உணர்ச்சியும் வலிதானே? ஒருவரையும் உலுக்காத அளவுக்கு அதுவும் கூறாகி, ஆளுக்குக் கொஞ்சமாகப் போய்ச் சேர்ந்தது. அதனால்தான் அவர்களால் அன்றைக்கும் டீயை முழுவதும் குடிக்க முடிந்தது.

விசாரணை நடந்தது. குழுவில் ஒவ்வொருவருக்கும் கிடைத்த எச்சரிக்கை நாற்பதில் ஒரு பங்கு என்பதால் ஒவ்வொருவரின் பொறுப்பும் நாற்பதில் ஒரு பங்கு என்றும், அந்த அளவு எந்த நடவடிக்கைக்கும் போதாது என்றும் தீர்ப்பானது. யாருக்கும் அதில் ஆட்சேபணை இல்லை. கூடவே ஒரு யோசனையும் வந்தது. கணக்கில் ஒருவர் குறைந்துபோனதால் மற்றவர்களின் பங்கு துளி கூடியிருக்கிறது, உலை மேடையில் நிற்பவர்களின் கை நடுங்குகிறது, இரும்பு ஊற்றும்போது இது ஆபத்து என்றார்கள். ஆகவே வட்டத்தைப் பெரிதாக்குவோம். சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஆலையையும் சேர்த்துக்கொண்டார்கள். இனி நானூறு பேர். சங்கம் வரவேற்றது.

சேர்த்த அன்று மத்தியானம் இலக்கியா தண்ணீர் பிடிக்கப் போனாள். சாலையோரப் பொதுக் குழாயடியில் நின்று, வேண்டுமென்றே மோனிஷை நினைத்துப் பார்த்தாள். பூசணிக்காயைத் தூக்கிய கைகளை நினைத்தாள். கோணல் காலோடு அவன் வண்டியை உதைத்துக் கிளப்புவதை நினைத்தாள். பின் இருக்கையில் இனித் தான் உட்காரப் போவதில்லை என்பதை நினைத்தாள். முன்பிருந்த முள்கூட இப்போது இல்லை. கொசு உட்கார்ந்து எழுந்தது போல இருந்தது.

எதிரில் அந்த ஆலைச் சீருடையில் ஒரு பெண் பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். முன்பின் தெரியாதவள். அவள் சட்டென்று கையை நெஞ்சில் வைத்து லேசாகத் தேய்த்துக்கொண்டாள். சுற்றிலும் பார்க்கவில்லை. மரியாதை தெரிந்தவள் போலிருக்கிறது.

இலக்கியாவால் அடக்க முடியவில்லை. ஓடிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அது என்னோடதுங்க! அது எங்கூட்டுக்காரருங்க! மோனிஷுன்னு பேருங்க!"

அந்தப் பெண்ணுக்குச் சங்கடமாகப் போயிற்று. இப்படியெல்லாம் யாரும் வெளியில் சொல்வதில்லை. கையை மெல்ல விடுவித்துக்கொண்டு, பாட்டிலை மூடி, இலக்கியாவின் தோளில் ஆதரவாகத் தட்டினாள்.

"இருக்கட்டுங்க்கா, இதுல என்னங்க இருக்குது? எனக்கு ஒண்ணுமே தெரியலீங்க."